கொழுந்துக் கூடையும் கல்லூரிக் கதவும்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக மலையேறும் பெருந்தெரு, கித்துல்கலையைக் கடந்து, களனி கங்கையின் கிளையாறுகள் இரையும் பள்ளத்தாக்கை விட்டு மேலெழுந்து கினிகத்தேனையை அடைகிறது. அங்கிருந்து ஹட்டன் வரை தேயிலையின் ஆட்சி. மழைக்குப் பேர்போன வட்டவளை பக்கத்திலே இருக்கிறது. அம்பகமுவை என்னும் இந்தப் பிரதேசத்திற்குத் தேயிலையினும், அதற்கு முந்திய கோப்பியினும் பழைய சரித்திரம் ஒன்று உண்டு. சோழராட்சியை முடித்துப் பொலனறுவையை மீட்ட முதலாம் விஜயபாகு மன்னன், சிவனொளிபாத மலைக்கு யாத்திரை செல்லும் மக்கள் வழியில் பசியால் வாடக் கூடாதென்று செய்த ஏற்பாடுகளைக் கூறும் கல்வெட்டு, இந்த அம்பகமுவையிலேதான் கிடைத்தது.

மலையேற நினைப்பவனுக்கு மனவுறுதி மட்டும் போதாது, வழியிலே சோறும் தங்குமிடமும் வேண்டும் என்பதை ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னிருந்த அரசன் அறிந்திருந்தான். அதே மலைச்சாரலில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு பெண், கல்வி என்னும் மலையை ஏற முற்படும்போது, அவளுக்கு வழியிலே சோறு போட யார் இருந்தார்கள்? எப்போதிலிருந்து இருந்தார்கள்? எவ்வளவு போட்டார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதே நமது நோக்கம். புலமைப்பரிசில் என்ற சொல்லை அழகான மேடைகளிலும் மாலை மரியாதைகளிலும் கேட்டுப் பழகிவிட்ட நாம், அதன் சரித்திரத்தைத் தோட்டத்துப் பெண்ணின் பக்கம் நின்று பார்த்ததில்லை.

1

இலங்கைத் தமிழ்ப் பெண்களின் கல்வி வரலாற்றில் 1824ஆம் ஆண்டு முக்கியமானது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்களுக்கென்று விடுதிப் பாடசாலை ஒன்றை அந்த ஆண்டு தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. அங்கே பிள்ளைகளுக்குப் படிப்போடு உணவும் உடையும் உறைவிடமும் வழங்கப்பட்டன. மதமாற்றம் மிஷனின் உள்நோக்கமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஏழை வீட்டுப் பெண்ணைப் படிப்பிக்க வேண்டுமானால், அவளைப் பாடசாலைக்கு அனுப்புவதால் வீட்டுக்கு நேரும் நட்டத்தை யாராவது ஈடுசெய்தே ஆகவேண்டும் என்ற உண்மையை அந்த மிஷனரிப் பெண் கண்டுகொண்டார். பெயர் எதுவாயினும் அதுவே புலமைப்பரிசிலின் தத்துவம்.

இன்னொரு காட்சியும் ஏறக்குறைய அதே காலத்ததே. 1823ஆம் ஆண்டையொட்டிக் கம்பளைக்கு அருகே கோப்பித் தோட்டம் திறக்கப்பட்டது. தமிழகத்துத் திருச்சி, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் விரட்டப்பட்ட மக்கள், தலைமன்னாரிலிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் பற்றியது, கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1884இல் ரயில் ஹட்டனை எட்டியது. கோப்பி ஆண்டில் சில மாதமே ஆள் கேட்கும் பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். ஆகவே குடும்பம் குடும்பமாக ஆட்கள் வேண்டியிருந்தனர். கொழுந்தெடுக்கப் பெண்ணின் விரல்கள் வேண்டியிருந்தன.

ஒரே மொழி பேசிய பெண்கள்; ஒரே தீவு; ஏறக்குறைய ஒரே ஆண்டு. வடக்கே ஒருத்தியின் கையில் ஏடு. மலையிலே ஒருத்தியின் முதுகில் கூடை. இந்த வேற்றுமைக்கு அறிவோ ஆர்வமோ காரணமன்று. ஒருத்தியைப் படிப்பிக்கச் செலவு செய்ய ஒருவர் முன்வந்தார். மற்றவளைப் படிப்பிக்காமல் விடுவதிலே முதலாளிக்கு இலாபம் இருந்தது.

2

இலாபம் என்று நாம் சொல்வது வெறும் கோஷமன்று. தோட்டங்களின் கூலி முறையே அதற்குச் சாட்சி. 1927ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கு ஆகக்குறைந்த கூலியை நிர்ணயிக்க வழிசெய்தது. அதை ஒரு வெற்றி என்றே அக்காலத் தொழிலாளர் இயக்கம் கருதியது, அது நியாயமே. ஆனால் அந்தக் கூலிப் பட்டியலைப் பாருங்கள்: ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு அதனிலும் குறைந்த விலை, பிள்ளைக்கு அதனினும் குறைந்த விலை. பிள்ளைக்குக் கூலி நிர்ணயிக்கும் சமுதாயம், அந்தப் பிள்ளை பகலில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியோடு சமமானது 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரேதான்.

தோட்டப் பிள்ளைகளுக்குச் சட்டம் எதுவும் இல்லாமலிருக்கவில்லை. 1907இலேயே, ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்து கொடுப்பது தோட்டத் துரையின் கடமை என்று விதிக்கப்பட்டது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் அதை வலியுறுத்தியது. நடந்தது என்ன? லயத்தின் ஒரு மூலையிலோ பிள்ளைக்காம்பராவின் பக்கத்திலோ ஒரு கொட்டகை. ஓர் ஆசிரியர். அவரே கங்காணிக்குக் கணக்கெழுதுவார், கடிதம் வாசிப்பார். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ். பத்து வயதானால் பிள்ளை பிரட்டுக்களத்தில் நிற்கும். பெண் பிள்ளையோ பத்து வயது வரை காத்திருப்பதுமில்லை. விடியுமுன் தாய் மலைக்குப் போய்விடுவாள். தம்பி தங்கையரைப் பார்ப்பது, தண்ணீர் எடுப்பது, அடுப்பு மூட்டுவது யாவும் மூத்த மகளின் தலையில். தாயின் உழைப்பு முதலாளிக்குக் கிடைப்பதற்காக மகளின் படிப்பு தியாகம் செய்யப்பட்டது. செக்ரோலில் தாயின் பேர் மாத்திரம் விழும். மகளின் உழைப்புக்கு எந்தக் கணக்கும் இல்லை.

இந்த இருளில் ஒளி ஏற்ற முயன்றவர்களை நாம் மறக்கலாகாது. கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கத்தை நிறுவினார். 1936இல் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குள் நுழைந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தோட்டம் தோட்டமாகச் சென்று, எழுத்தறியாத பெண்களிடையே பாட்டினால் அரசியல் பேசினார். படிக்கத் தெரியாதவர்களுக்கும் சிந்திக்கத் தெரியும் என்பதை அவர் அறிந்திருந்தார். பாட்டு விழிப்பைத் தந்தது. ஆனால் பாட்டினால் பாடசாலை கட்ட முடியாதே!

3

1940களில் இலங்கையின் கல்வியில் ஒரு புரட்சி நிகழ்ந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1945இல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்பில் பரீட்சை நடத்தி, திறமையுள்ள ஏழைப் பிள்ளையைத் தேர்ந்து, விடுதி வசதியோடு அக்கல்லூரிகளில் சேர்க்கும் திட்டம் வந்தது. ஆசியாவில் அன்று எத்தனை நாடுகள் இப்படிச் செய்தன? சிங்களக் கிராமத்து விவசாயியின் மகள் டாக்டராகவும், வடக்கு, கிழக்குப் பகுதிகளின் ஏழை வீட்டுப் பெண் பட்டதாரியாகவும் ஆனமைக்கு அந்த ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் முக்கியமான காரணம். அதைச் சிறுமைப்படுத்துவது நமது நோக்கமன்று.

ஆனால் அந்த வெள்ளம் மலையேறவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டன. அவை பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தன. ஐந்தாம் வகுப்பு மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு வாசல். தோட்டப் பிள்ளைக்கு அது சுவர். பரீட்சை எழுதத் தயார் செய்யும் ஆசிரியர் இல்லை. எழுதித் தேறினாலும் எட்டக்கூடிய தூரத்தில் தமிழில் கற்பிக்கும் இடைநிலைப் பாடசாலை இல்லை. இருந்தாலும் பெண் பிள்ளையைத் தனியே அனுப்ப விடுதி இல்லை. புலமைப்பரிசில் என்பது கதவைத் திறக்கும் சாவி. கதவே இல்லாத இடத்தில் சாவியினால் என்ன பயன்?

அடுத்த அடி 1948இல் விழுந்தது. அவ்வாண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. முந்திய ஆண்டு நடந்த தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. வாக்குரிமை போனபின், பாடசாலை கேட்கும் குரலுக்கு மந்திரிசபையில் மதிப்பு ஏது? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அடுத்த ஆண்டு எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாத தகப்பன், மகளை எந்த நாட்டின் பரீட்சைக்கு ஆயத்தம் செய்வான்? குடியுரிமைப் பிரச்சினைக்குச் சட்டரீதியான முடிவு வருவதற்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த இடைக்காலத்தில் தோட்டப் பிள்ளைகளுக்கென்றே பணம் ஒதுக்கிய ஓர் ஏற்பாட்டை நன்றியோடு குறிப்பிட வேண்டும். 1940களில் தோன்றிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம், இந்திய அரசின் பிரதிநிதிகளின் ஆதரவில், உயர்தர வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் பயிலும் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்கிவந்திருக்கிறது. தொகை சிறியது, பயன் பெற்றோரும் சிலரே. ஆயினும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை என்பதையே தகுதியாகக் கொண்ட உதவி அது. வேறிடங்களில் அந்த அடையாளம் தடையாக இருந்த காலத்தில், இங்கே அது உரிமையாயிற்று.

4

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேதான். இலவசக் கல்விக்கும் அதற்கும் இடையே முப்பது ஆண்டுகள்! ஒரு தலைமுறைப் பெண்கள் அந்த இடைவெளியில் பாட்டிகளாகிவிட்டார்கள். 1980களில் சுவீடன் நாட்டு உதவியோடு பாடசாலைக் கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞரும் யுவதியரும் ஆசிரியராக நியமனம் பெற்றனர். பத்தனையில் ஜெர்மன் உதவியுடன் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாயிற்று. சாதாரண தரம் தேறிய பெண், உயர்தரம் தேறிய பெண், ஆசிரியையான பெண் என்று லயங்களில் மெல்ல மெல்ல ஒரு புதிய உருவம் தோன்றியது.

இந்தச் சமயத்திலேயே மஹாபொலவும் வந்தது. அன்றைய வர்த்தக மந்திரி லலித் அத்துலத்முதலியின் முயற்சியில், 1981ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் நிறுவப்பட்ட இந்த நிதியம், பல்கலைக்கழக மாணவருக்கு மாதாந்தம் உதவி அளிக்கிறது. லயத்தில் பிறந்து பேராதனைக்கோ கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போன பெண்களில் பலருக்கு மாதச் செலவின் முதுகெலும்பு இந்தப் பணமே. அவர்களில் எத்தனையோ பேர் அதில் ஒரு பங்கை வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். தான் அரை வயிறு உண்டு தம்பியின் கொப்பிக்குப் பணம் அனுப்பிய அக்காள்மாரின் சரித்திரத்தை எந்த நிதியத்தின் ஆண்டறிக்கையும் எழுதாது.

ஆயினும் கணக்கைக் கணக்காகவே பார்ப்போம். மஹாபொலத் தொகை பல ஆண்டுகள் மாதம் 5,000 ரூபாயாக நின்றது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதாவது, அந்த உதவி நான்கு நாட் கூலிக்கும் குறைவு. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அதை 7,500 ரூபாயாகவும், ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலை மாதம் 750 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாகவும் உயர்த்தியது. வரவேற்கிறோம். ஆனால் 7,500 ரூபாயும் அந்தக் கூலியின்படி ஆறு நாள் உழைப்பை எட்டவில்லை. மகள் படிக்காமல் மலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போயிருந்தால் மாதத்தில் எத்தனை நாள் கூலி வந்திருக்கும்? இழக்கும் கூலிக்கும் கிடைக்கும் உதவிக்கும் இடையிலுள்ள பள்ளத்தை, தன் நகையை அடகு வைத்தும் கடைக்காரனிடம் கடன் சொல்லியும் நிரப்புபவள் தாய். ஆகவே தோட்டத்துப் பட்டதாரிப் பெண் ஒவ்வொருத்தியின் பின்னாலும் இரண்டு புலமைப்பரிசில்கள் உண்டு. ஒன்றை அரசு தருகிறது. மற்றதைக் கொழுந்துக் கூடை தருகிறது. இரண்டாவதே பெரியது.

5

பணம் மட்டும் கதவைத் திறந்துவிடுமா என்று கேட்பாருமுளர். கேள்வி நியாயமானது. பல்கலைக்கழக அனுமதியில் நாற்பது வீதம் திறமை அடிப்படையிலும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட அடிப்படையிலும், ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் ஒதுக்கப்படும் முறை நிலவுகிறது. நுவரெலியா மாவட்டம் பின்தங்கியவற்றுள் ஒன்றாக ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் மாவட்டத்தை அளந்தவர்கள் மாவட்டத்துக்குள்ளே நகரத்துக்கும் லயத்துக்கும் உள்ள தூரத்தை அளக்கவில்லை. கினிகத்தேனையைச் சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளை, தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்க ஹட்டனுக்கோ நாவலப்பிட்டிக்கோ போக வேண்டும். மழைக்காலத்தில் மண் சரியும், பஸ் நிற்கும், மாலை இருளில் தேயிலைச் செடிகளுக்கிடையே ஒற்றையடிப் பாதை. மகனென்றால் விடலாம், மகளை எப்படி விடுவது என்று பெற்றோர் தயங்குவதை அறியாமை என்று பழிப்பது எளிது. விடுதியோ பாதுகாப்பான பஸ்ஸோ தராமல் பழிப்பதுதான் அநியாயம்.

2020, 2021 ஆண்டுகளில் பெருந்தொற்று வந்தபோது படிப்பு கைத்தொலைபேசிக்குள் போயிற்று. வீட்டுக்கு ஒரு தொலைபேசியும் இல்லாத லயங்கள் எத்தனை! அலைவரிசை தேடி மேட்டு நிலங்களுக்கு ஏறிய பிள்ளைகள் எத்தனை! 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஒரு கொப்பியின் விலை அப்பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து விரட்டும் அளவுக்கு ஏறியது. இத்தகைய வேளைகளில் முதலில் நிற்பது பெண்ணின் படிப்பு. நின்றபின் அவள் எங்கே போவாள்? 2021 ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்குச் சென்ற தோட்டத்துச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களுடன் இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. பாடசாலையில் இருந்திருக்க வேண்டிய வயதில் ஒரு பிள்ளை பிறர் வீட்டு அடுப்படியில் இருந்தது ஏன் என்று நாம் கேட்கத்தான் வேண்டும். உரிய வேளையில் கிடைக்கும் சிறு உதவி, பட்டத்தை மட்டுமல்ல, உயிரையும் காக்கும்.

பிற நாடுகள் இதை உணர்ந்திருக்கின்றன. பங்களாதேசத்தில் 1982இல் சிறு பரிசோதனையாகத் தொடங்கிய பெண்களுக்கான இடைநிலைக் கல்வி உதவித்தொகை, 1994இல் நாட்டின் கிராமப்புறம் முழுவதற்கும் விரிந்தது. வகுப்பு நாட்களில் முக்கால் பங்காவது வர வேண்டும், பரீட்சையில் குறித்த புள்ளி பெற வேண்டும், படிக்கும் காலத்தில் திருமணம் கூடாது என்பவை நிபந்தனைகள். பெண்ணின் வரவு ஆணின் வரவை எட்டிப் பிடித்தது. தமிழ்நாட்டிலோ இன்னும் நுட்பமான ஒரு மாற்றம் நடந்தது. சுயமரியாதை இயக்கத்தின் வீராங்கனை மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் ஏழைப் பெண்ணின் திருமணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்துவந்த திட்டம், 2022 செப்டம்பர் 5 முதல், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அவளுடைய சொந்த வங்கிக் கணக்கில் செலுத்தும் திட்டமாக மாறியது. திருமணத்துக்குக் கொடுத்த பணம் பெண்ணை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அனுப்பியது. படிப்புக்குக் கொடுக்கும் பணம் அவளை அவள் காலில் நிறுத்துகிறது. மலையகத் தோட்டக்காரரின் முன்னோர் எந்தச் சீமையிலிருந்து வந்தார்களோ, அந்தச் சீமையின் பெண்கள் இன்று பெறுவதை இவர்கள் பெறலாகாதா?

6

ஆகவே நாம் கேட்பது தருமமன்று. தானத்தின் மொழியில் பேசினால், ஏழைப் பெண் கைகட்டி நிற்க வேண்டும். கொடுத்தவரின் படத்தோடு தன் படமும் வர இணங்க வேண்டும். உரிமையின் மொழியில் பேசுவோம். இரண்டு நூற்றாண்டுகளாக இந்நாட்டின் அந்நியச் செலாவணியைத் தம் விரல்நுனியால் கிள்ளிக் கொடுத்தவர்கள் தோட்டத்துப் பெண்கள். கொழும்பின் துறைமுகத்திலும் பேராதனையின் மண்டபங்களிலும் அவர்களுடைய கொழுந்து கல்லாகவும் சுண்ணாம்பாகவும் கலந்திருக்கிறது. அந்த மண்டபத்தில் அவர்களின் மகளுக்கு ஓர் ஆசனம் கொடுப்பது கடன் திருப்புவதே.

அந்தக் கடனைத் தீர்க்கச் சில வழிகள் தெளிவாகத் தெரிகின்றன. புலமைப்பரிசில் வாழ்க்கைச் செலவோடு சேர்ந்து ஏற வேண்டும். அது விரிவுரை தொடங்கும் மாதத்திலேயே கைக்கு வர வேண்டும். மாதக் கணக்கில் தாமதித்து வரும் நிலுவை, பட்டினி கிடந்த நாட்களைத் திருப்பித் தராது. உயர்தர வகுப்பிலேயே உதவி தொடங்க வேண்டும், ஏனெனில் பெண்கள் உதிர்ந்துவிடுவது அங்கேதான். ஹட்டன், நாவலப்பிட்டி போன்ற நகரங்களில் தோட்டத்துப் பெண்களுக்கென விடுதிகள் வேண்டும். தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் பாடசாலைகள் தோட்டங்களுக்கு அருகே வர வேண்டும். மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் என்ற நெடுநாட் கோரிக்கை நிறைவேற வேண்டும். தேயிலையால் இலாபம் காணும் கம்பனிகள், 1907இல் துரைமார் தட்டிக்கழித்த கடமையில் தம் பங்கை நிதியாகச் செலுத்த வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலிப் பேச்சுவார்த்தையில் பெண் பிள்ளையின் கல்வியையும் ஒரு கோரிக்கையாக மேசையில் வைக்க வேண்டும்.

2023இல், முன்னோர் நடந்த பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் மீண்டும் நடந்தார்கள். இருநூறு ஆண்டுகளின் நினைவு அது. முதல் நடையில் பெண்கள் தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக வந்தார்கள். அவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அரிது. இரண்டாவது நடையில் ஆசிரியைகளும் பட்டதாரிகளும் பத்திரிகை எழுதும் பெண்களும் நடந்தார்கள். அந்த மாற்றத்தை யாரும் இவர்களுக்கு வரமாக அருளவில்லை. அரை வயிற்றோடு படித்த மகளும், மழையில் நனைந்தபடி கொழுந்து பறித்த தாயும் சேர்ந்து சம்பாதித்தது அது. அந்தச் சம்பாத்தியத்துக்குச் சமுதாயம் தன் பங்கை இன்னும் செலுத்தவில்லை. செலுத்தும் நாள் வரை கேட்டுக்கொண்டே இருப்பது நமது கடமை.